கறிபாப்புக்குக் கார்ன்வாலில் தாய்வீடு இல்லை

கறிபாப்பின் பூர்வீகம் இங்கிலாந்து என்ற பேச்சு மலேசியாவில் பல ஆண்டுகளாக ஓயாமல் சுற்றுகிறது. உணவு விழா மேடையில் மைக் பிடிப்பவர் சொல்கிறார். தொலைக்காட்சியில் மாவு பிசைபவர் பிசைந்துகொண்டே சொல்கிறார். சுற்றுலாக் கையேடுகளில் இரண்டு வரியில் வந்துபோகிறது. கதை ஒன்றேதான். இங்கிலாந்தின் தென்மேற்கு மூலையில் கார்ன்வால் என்று ஒரு பகுதி, அங்கே சுரங்கத்தில் இறங்கியவர்கள் மதியச் சாப்பாட்டுக்கு மாட்டிறைச்சியையும் உருளைக்கிழங்கையும் மாவில் மடித்து எடுத்துப்போனார்கள், அதற்குப் பெயர் கார்னிஷ் பேஸ்டி, வெள்ளைக்காரர்கள் அதை மலாயாவுக்குக் கொண்டுவந்தார்கள், இங்கிருந்தவர்கள் உள்ளே கொஞ்சம் கறித்தூளைத் தூவினார்கள், கறிபாப் பிறந்தது.

கேட்பவர்கள் தலையாட்டிவிட்டுப் போகிறார்கள். தலையாட்டக் கூடாத கதை இது. இதைச் சொல்கிறவர்கள் மலாயாவில் இன்ன ஆண்டில், இன்ன வீட்டில், இன்ன சமையற்காரர் பேஸ்டியைப் பார்த்துக் கறிபாப் செய்தார் என்று ஒரு சான்றையும் காட்டுவதில்லை. இரண்டையும் அருகருகே வைத்து, "பாருங்கள், ஒரே மாதிரி இருக்கிறது" என்கிறார்கள். அவ்வளவுதான் ஆதாரம். அதை வைத்துக்கொண்டு ஒரு நாட்டு மக்கள் முழுவதையும் கறித்தூள் தூவியவர்களாக்கி மூலையில் உட்காரவைத்துவிடுகிறார்கள்.

கெடாவின் கோலா மூடா மாவட்டத்தில், சுங்கை பட்டாணிக்கு அருகே இருக்கிறது புக்கிட் செலம்பாவ். அந்த வட்டாரத்தில் விடியற்காலையில் பலகாரம் போடும் மேசைக்கடை எதன் முன்னாலும் கொஞ்ச நேரம் நின்றால் இந்தக் கதையின் ஓட்டைகள் கண்ணில் படும். இருள் பிரியும் முன்பே அடுப்பில் சட்டி ஏறியிருக்கும். மேசையில் மாவு உருண்டைகள் வரிசையாக, ஈரத்துணியின் கீழ். முந்தின இரவே கிண்டி ஆறவைத்த கிழங்குக் கறி ஒரு பெரிய பாத்திரத்தில். உருண்டையைத் தட்டையாக்கி, ஒரு கரண்டிக் கறி வைத்து, பாதியாக மடித்து, ஓரத்தை இரண்டு விரலால் கிள்ளிக் கிள்ளி முறுக்கிக்கொண்டே போகிறார் கடைக்கார அம்மா. மலாய்க்காரர்கள் 'கெலிம்' என்று சொல்லும் அந்த ஓரத்துச் சடை, கை நிற்காமல் பத்துப் பன்னிரண்டு கிள்ளலில் முடிந்துவிடுகிறது. அதைப் பார்க்கும் எந்த இளைஞனும் தான் படித்ததைச் சொல்லாமல் இருக்கமாட்டான்.

"அக்கா, இது வெள்ளைக்காரன் பலகாரமாமே?"

"எண்ணெய் தெறிக்கும், தள்ளி நில்லு தம்பி. எத்தனை வேணும்?"

அவருக்கு அந்தக் கேள்வியே ஒரு பொருட்டில்லை. ஆனால் எழுதுகிறவர்களுக்கு அது பொருட்டாக இருக்க வேண்டும். எனவே அவர்கள் சொல்லும் காரணங்களை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்ப்போம்.

பெயர் ஆங்கிலத்தில் இருக்கிறதே என்பது முதல் காரணம். காலனி ஆட்சியில் கடைப்பலகையும் கணக்கும் ஆங்கிலத்தில் இருந்த ஊரில் பலகாரத்துக்கு ஆங்கிலப் பெயர் ஒட்டிக்கொண்டதில் வியப்பதற்கு எதுவும் இல்லை.

அடுத்தது வயது. பேஸ்டி பழமையானது, ஆகவே அதுவே தாய் என்கிறார்கள். எவ்வளவு பழமை? கார்ன்வாலுக்கும் பக்கத்து டெவனுக்கும் இடையே அந்த வழக்கே இன்னும் தீரவில்லை. 2006இல் டெவனைச் சேர்ந்த வரலாற்றாசிரியர் டாட் கிரே, பிளிமத் நகரின் பழைய கணக்கேடுகளில் 1510ஐ ஒட்டிய ஒரு பேஸ்டிச் செலவுக் குறிப்பைக் கண்டெடுத்தார். பிளிமத் இருப்பது டெவனில். கார்ன்வால் தன் பக்கம் காட்டிய மிகப் பழைய செய்முறை 1746ஆம் ஆண்டினது. எல்லையின் இருபுறமும் அன்று பத்திரிகைகளில் பெரிய வாக்குவாதம் நடந்தது. பேஸ்டியைப் பற்றி ஊர் ஊராகச் சொல்லப்படும் இன்னொரு கதையும் உண்டு. சுரங்கத்தில் ஆர்செனிக் நஞ்சு கையில் படிந்திருக்கும், அதனால் தடித்த ஓரத்தைப் பிடித்துத் தின்றுவிட்டு அந்த ஓரத்தை வீசிவிடுவார்கள் என்று. உணவு வரலாற்றாளர்கள் பலர் இதை ஏற்பதில்லை. பேஸ்டியைத் துணியிலோ காகிதத்திலோ சுற்றி எடுத்துப்போய், ஒரு முனையில் தொடங்கி மறுமுனை வரை முழுதாகத் தின்ற தொழிலாளர்களைப் பழைய படங்கள் காட்டுகின்றன. தன் ஊரிலேயே கட்டுக்கதை சூழ்ந்து நிற்கும் ஒரு பலகாரத்தை, ஏழு கடல் தாண்டி இன்னொன்றுக்குத் தாயாக்குகிறார்கள்.

வயதுதான் கணக்கு என்றால் அதற்கு வேறொரு பலகாரம் முன்னால் நிற்கிறது. ஒன்பதாம் நூற்றாண்டில் பாக்தாத் அரசவைக் கலைஞர் இஷாக் அல் மவ்சிலி சன்பூசஜ் என்ற பலகாரத்தைப் புகழ்ந்து பாடியிருக்கிறார்; அந்தப் பாட்டைப் பத்தாம் நூற்றாண்டில் அல் மசூதி தன் வரலாற்று நூலில் பதிவுசெய்தார். 1226இல் அதே பாக்தாத்தில் அல் பாக்தாதி எழுதிய சமையல் நூலில் செய்முறையே இருக்கிறது. இறைச்சியை வேகவைத்து, இடித்து, மசாலா சேர்த்துக் கொழுப்பில் வதக்கி, மெல்லிய மாவில் வைத்து மடித்து, நல்லெண்ணெயில் பொரிக்கச் சொல்கிறது அது. அடுத்த நூற்றாண்டில் தில்லியில் முகமது பின் துக்ளக்கின் விருந்தில் உட்கார்ந்த இப்னு பதூதா, கொத்திய இறைச்சியை வாதுமை, பிஸ்தா, வெங்காயம், மசாலாவோடு சமைத்து, மெல்லிய மாவில் பொதிந்து நெய்யில் பொரித்த சம்பூசக்கை வர்ணித்திருக்கிறார். பிளிமத்தின் கணக்கேட்டுக்கு ஒன்றரை நூற்றாண்டுக்கும் மேல் முந்திய செய்தி இது. தமிழர்கள் சமோசா என்றும் சமூசா என்றும் தின்பது அதைத்தான்.

வடிவத்துக்கு வருவோம். பேஸ்டிக்காரர்கள் அதிகம் நம்பியிருப்பது இதைத்தான். அரைவட்டம், ஓரத்தில் முறுக்கு. இரண்டும் அச்சு அசல் என்கிறார்கள். தீபாவளிக்குப் பலகாரம் சுட்ட எந்தத் தமிழ்க் குடும்பமும் இதைக் கேட்டால் வியக்கும். சோமாஸ் என்ன வடிவம்? அரைவட்டம். அதன் ஓரத்தை வெட்டிவிடுவதற்கென்றே பல்சக்கரம் வைத்த சோமாஸ் கரண்டி வீட்டில் இருக்கிறது. அது இல்லாதவர்கள் கையாலேயே சடைபோல மடித்துவிடுகிறார்கள். ஆந்திரத்தில் கஜ்ஜிக்காயலு, கர்நாடகத்தில் கர்ஜிக்காயி, மகாராஷ்டிரத்தில் கரஞ்சி, கோவாவில் நெவ்ரி, வடக்கே ஹோலிக்குச் செய்யும் குஜியா. அத்தனையும் அரைவட்டம், அத்தனைக்கும் ஓரத்தில் முறுக்கு. பெரும்பாலும் உள்ளே இனிப்பு. ஆனால் மாவு மடிகிற விதத்தை இனிப்பும் காரமும் மாற்றுவதில்லை. யாழ்ப்பாணத்திலும் கொழும்பிலும் மாலைத் தேநீரோடு வரும் பற்றிஸ், மீனோ கிழங்கோ வைத்து மடித்துப் பொரித்த அரைவட்டம். ஒட்டுவதற்கு ஈரம் தொட்டு மடித்து, முள்கரண்டியால் ஓரத்தை அழுத்திவிடுவார்கள்.

இந்தோனேசியாவில் பாஸ்டெல் என்று ஒன்று இருக்கிறது. காரட், முட்டை, சேமியா வைத்து மடித்து, ஓரத்தை முறுக்கி எண்ணெயில் பொரிப்பது. மக்காசாரில் அதற்கு ஜாலாங்கோத்தே என்று இன்னொரு உருவம். மனாடோவில் சூரை மீன் வைத்த பனாடா. அந்தத் தீவுகளை ஆண்டவர்கள் டச்சுக்காரர்கள், அவர்களுக்கு முன்னால் அந்தக் கடலில் திரிந்தவர்கள் போர்த்துக்கீசியர்கள். ஸ்பெயினிலும் போர்த்துக்கல்லிலும் எம்பனாடா, எம்பாடா என்று மாவில் பொதிந்த பலகாரங்கள் நெடுங்காலமாக உண்டு. மலாக்கா 1511இல் போர்த்துக்கீசியர் கைக்குப் போனது. 2009இல் நடந்த சட்டமன்ற இடைத்தேர்தலில் புக்கிட் செலம்பாவ் என்ற ஒரே தொகுதிக்கு 15 வேட்பாளர்கள் நின்றார்கள். கறிபாப்பின் வடிவத்துக்கும் அத்தனை உரிமையாளர்களை நிறுத்தலாம். அதில் கார்ன்வாலை மட்டும் போட்டியின்றித் தேர்ந்தெடுத்ததாக அறிவிப்பதுதான் பொறுக்க முடியாதது.

ஆட்சி செய்த வெள்ளைக்காரன் கொண்டுவந்தான் என்ற வாதம் இன்னும் பலவீனமானது. கெடாவின் வடக்கு எல்லையைத் தாண்டினால் தாய்லாந்து. அங்கேயும் அதே பலகாரம், ஏறக்குறைய அதே பெயரில் விற்கிறது; சராபுரி மாநிலத்தின் முவாக் லெக் அதற்குப் பேர்போன ஊர். எந்த ஐரோப்பிய அரசும் ஆளாத நாடு அது. அங்கே இதை 17ஆம் நூற்றாண்டு அயுத்தயா அரண்மனையில் இருந்த மரியா குயோமார் தெ பிஞ்ஞா என்ற பெண்ணோடு சேர்த்துச் சொல்கிறார்கள். அதற்கும் எழுத்துச் சான்று காட்டப்படுவதில்லை. ஆனால் ஒன்று மட்டும் உறுதி: கார்ன்வாலின் பெயரை அங்கே இழுக்க வேண்டிய தேவை யாருக்கும் வரவில்லை.

கெடாவின் கதையும் அப்படித்தான். சயாமின் மேலாண்மையில் இருந்த இந்த மாநிலம் 1909ஆம் ஆண்டு ஒப்பந்தத்துக்குப் பிறகுதான் பிரிட்டிஷ் ஆலோசகரின் கீழ் வந்தது. தமிழர்கள் அதற்கு எவ்வளவோ முன்னால் வந்துவிட்டார்கள். கெடாவின் பூஜாங் பள்ளத்தாக்கில் கிடைத்த பழங்கோயில் கற்களைக் காட்டி ஆயிரம் ஆண்டுக் கணக்குப் பேச வேண்டியதில்லை; பிரான்சிஸ் லைட்டின் கடிதமே போதும். கெடா சுல்தானிடமிருந்து 1786இல் பினாங்கைப் பெற்ற அதே லைட், 1794இல் தீவின் குடிகளைப் பற்றி எழுதும்போது சோழமண்டலக் கரைத் துறைமுகங்களிலிருந்து வந்த சூலியா முஸ்லிம்களைக் குறிப்பிடுகிறார். அவர்களில் பெரும்பாலோர் நெடுங்காலமாகக் கெடாவில் வாழ்ந்தவர்கள், சிலர் அங்கேயே பிறந்தவர்கள் என்கிறார். ஆங்கிலேயன் தீவில் கூடாரம் போடுவதற்கு முன்பே நாகூரிலும் பரங்கிப்பேட்டையிலும் ஏறியவர்கள் கெடாவில் குடும்பம் நடத்திக்கொண்டிருந்தார்கள். சமூசா வந்துசேர்வதற்கு அந்த வழி எப்போதும் திறந்தே இருந்தது. நோன்பு மாதத்துச் சந்தைகளில் இன்றும் சமோசாவும் கறிபாப்பும் ஒரே மேசையில், ஒரே கையில் பொரிந்து இறங்குவதை யாரும் பார்க்கலாம்.

சுரங்கத் தொழிலாளியின் கட்டுச்சோறு பேஸ்டி, தோட்டத் தொழிலாளியின் கட்டுச்சோறு கறிபாப் என்று இரண்டையும் இணைத்து உருக்கமாக எழுதுகிறார்கள். பால்மரம் வெட்டப் போனவர்கள் தூக்குச்சட்டியில் சோறும் கஞ்சியும் எடுத்துப்போனார்கள். அந்த உருக்கத்துக்கு இவ்வளவு பதில் போதும்.

கார்ன்வால்காரர்கள் மலாயாவுக்கு வந்தது உண்மை; அதை மறைக்க வேண்டியதில்லை. பேராவின் கிந்தா பள்ளத்தாக்கில், கோப்பெங் பக்கம், 19ஆம் நூற்றாண்டின் கடைசியிலிருந்து ஈயம் எடுத்த நிறுவனங்களில் சில கார்ன்வாலின் ரெட்ரூத் நகரத்தோடு நேரடித் தொடர்புள்ளவை. ஆனால் வந்தவர்கள் யார்? பொறியாளர்களும் மேலாளர்களும். மண்ணில் இறங்கி வேலை செய்தவர்கள் சீனர்கள். துரைமார் வீடுகளில் சமைத்தவர்களில் ஏராளமானோர் ஹைனானிய ஆண்கள். அந்தச் சமையற்காரர்கள் ஆங்கிலேயர் மேசையிலிருந்து எதை வெளியே கொண்டுவந்தார்கள் என்பதற்குச் சாட்சி இன்றும் பழைய காப்பிக்கடைகளில் கிடைக்கிறது: சிக்கன் சாப். கோழியும் குழம்பும் பட்டாணியுமாகத் தட்டில், கத்தியும் முள்கரண்டியும் பக்கத்தில். ஆங்கிலச் சமையல் இங்கே தங்கிய இடங்களில் அதன் அடையாளம் அழியவில்லை.

கார்ன்வால் தொழிலாளிகள் கூட்டமாகப் போய்க் குடியேறிய ஊர்களையும் பார்க்கலாம். 1820களில் மெக்சிகோவின் பச்சூக்கா, ரியால் தெல் மொந்தே வெள்ளிச் சுரங்கங்களுக்குப் போனார்கள். அங்கே பேஸ்டி இன்றும் 'பாஸ்தே' என்று விற்கிறது, திருவிழா எடுக்கிறார்கள், 2014இல் அப்போதைய இளவரசர் சார்லஸ் ரியால் தெல் மொந்தேவுக்கே போனார். மிளகாய் மோலேவும் அன்னாசியும் உள்ளே போய்விட்டன. ஆனால் சுடுவது சூளையில், அன்றுபோல் இன்றும். அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்துச் செப்புச் சுரங்க ஊர்களிலும், தெற்கு ஆஸ்திரேலியாவின் மூண்டாவிலும் அப்படியே. பேஸ்டி எங்கெல்லாம் உண்மையாகவே கப்பல் ஏறிப் போனதோ அங்கெல்லாம் சூளையையும் கூடவே கொண்டுபோயிருக்கிறது.

இந்த இடத்தில்தான் முழுக் கதையும் சரிகிறது. ஒரு பலகாரத்தின் வம்சத்தை அறிய அதன் வெளிப்புறத்தைப் பார்த்துப் பயனில்லை. அதைச் செய்கிற வேலையைப் பார்க்க வேண்டும். பேஸ்டி எப்படிச் செய்யப்பட வேண்டும் என்பதைக் கார்ன்வால்காரர்களே சட்டமாக எழுதி வைத்திருக்கிறார்கள். கார்னிஷ் பேஸ்டி சங்கம் பல ஆண்டு போராடி, 2011இல் ஐரோப்பிய ஒன்றியத்திடம் புவிசார் பாதுகாப்பு வாங்கியது. அதன்படி உள்ளே மாட்டிறைச்சி குறைந்தது 12.5 சதவீதம், காய்கறி குறைந்தது 25 சதவீதம். காய்கறி என்றால் உருளைக்கிழங்கு, வெங்காயம், ஸ்வீட் என்ற மஞ்சள் கிழங்கு. ருசிக்கு உப்பும் மிளகும். எல்லாவற்றுக்கும் மேலான நிபந்தனை, உள்ளே போவதெல்லாம் பச்சையாகப் போக வேண்டும் என்பது. பச்சை இறைச்சி, பச்சைக் கிழங்கு. மாவுக்குள் மூடியபிறகு சூளையின் மிதமான சூட்டில், முக்கால் மணி நேரத்துக்குக் குறையாமல், மெல்ல மெல்ல வேக வேண்டும். இறைச்சியின் சாறு கிழங்கில் இறங்கி, கிழங்கின் ஆவி மாவுக்குள் சுற்றி, உள்ளேயே ஒரு குழம்பு உண்டாவதுதான் பேஸ்டியின் உயிர். மாவு அங்கே பாத்திரத்தின் வேலையைச் செய்கிறது.

கறிபாப்பில் இதற்கு நேர் எதிர். கிழங்கைப் பொடியாக நறுக்கி, வெங்காயம் சிவக்க வதக்கி, கறித்தூளைக் கொஞ்சம் தண்ணீரில் குழைத்து ஊற்றி, எண்ணெய் பிரியும்வரை கிண்டி, கறிவேப்பிலை போட்டு, கிழங்கு குழைந்தும் குழையாமலும் இருக்கும் பதத்தில் தண்ணீரை முழுவதும் வற்றவைக்க வேண்டும். பிறகு ஆறவைக்க வேண்டும். சூடாக வைத்து மடித்தால் மாவு ஈரம் குடித்துச் சட்டியில் வெடித்துவிடும். கறிபாப் போடுகிறவர்கள் முந்தின இரவே கறியைக் கிண்டி வைப்பது இதனால்தான். மாவுக்குள் போகும் முன்பே சமையல் முடிந்துவிட்டது. எண்ணெயில் அது கிடப்பது சில நிமிடம். அந்தச் சில நிமிடத்தில் பச்சைக் கிழங்கு வேகாது, பச்சை இறைச்சியை நினைக்கவே முடியாது. பொரிப்பது என்று முடிவுசெய்துவிட்டால் உள்ளே இருப்பதை முன்னதாகச் சமைத்தே ஆக வேண்டும். பேஸ்டியில் கறித்தூளைத் தூவினால் கிடைப்பது கறித்தூள் போட்ட பேஸ்டி. அது கறிபாப் ஆகாது. வேகவைத்து, மசாலாவில் வதக்கி, மடித்து, பொரிப்பது என்ற வரிசையைப் பாக்தாத்தில் 1226இல் எழுதிவைத்த செய்முறையோடு ஒப்பிட்டால் ஒவ்வொரு படியும் பொருந்துகிறது.

மாவைத் தொட்டுப் பார்த்தால் வேறுபாடு இன்னும் கூர்மையாகத் தெரியும். பேஸ்டிக்குக் கொழுப்பு குளிர்ந்திருக்க வேண்டும். பன்றிக் கொழுப்போ வெண்ணெயோ, கெட்டியாக எடுத்து மாவில் உதிர்த்து, குளிர்ந்த நீர் விட்டுப் பிசைந்து, குளிரிலேயே ஓய்வுகொடுப்பார்கள். கறிபாப்புக்கு எண்ணெய் கொதிக்க வேண்டும். மாவில் உப்பைக் கலந்து, நடுவில் குழி பறித்து, காய்ந்த எண்ணெயை அதில் ஊற்றும்போது 'சுர்' என்று மாவு நுரைத்து எழும். கரண்டியால் கிளறி, கை பொறுக்கும் சூடு வந்தபிறகு தண்ணீர் விட்டுப் பிசைகிறார்கள். மேலோடு மொறுமொறுப்பாக நிற்பதற்கு இதுதான் காரணம். முறுக்குக்கும் சோமாஸுக்கும் தமிழ் வீடுகளில் நெய்யையோ எண்ணெயையோ காய்ச்சி மாவில் ஊற்றுகிறார்கள் அல்லவா, அதே வேலை. ஒன்று குளிரை நம்பித் தொடங்குகிறது, மற்றொன்று கொதிப்பை நம்பித் தொடங்குகிறது. வெயில் கொளுத்தும் ஊரில், ஐஸ்பெட்டி இல்லாத காலத்தில், விறகடுப்பும் ஒரு இரும்புச் சட்டியும் மட்டுமே இருந்த தோட்டத்து லயத்து வீட்டில் இரண்டில் எது செய்யக்கூடியது என்று கேட்டுப்பார்த்தால் போதும். லயத்தில் சூளை இல்லை. கம்பத்து வீட்டிலும் இல்லை. அந்த வீடுகளில்தான் கறிபாப் வளர்ந்தது.

இறைச்சி விஷயமும் சிறியதல்ல. பன்றிக் கொழுப்பில் பிசைந்த மாவை மலாய்க்காரர்களும் தமிழ் முஸ்லிம்களும் தொடமாட்டார்கள். மாட்டிறைச்சி வைத்ததை இந்துத் தமிழர்களில் மிகப் பலர் தொடமாட்டார்கள். மாவும் வேண்டாம், உள்ளே இருப்பதும் வேண்டாம், சூளையும் இல்லை, மசாலாவும் வேறு. இத்தனையும் கழித்தபின் கார்ன்வாலிலிருந்து வந்ததாக மிஞ்சுவது அரைவட்டம் ஒன்றுதான், அதைத்தான் சோமாஸ் ஏற்கெனவே வைத்திருக்கிறது.

இன்னொரு கையின் வேலையும் இதில் இருக்கிறது, அதைப் பேஸ்டிக் கதை கண்டுகொள்வதே இல்லை. மேலோட்டில் சுருள் சுருளாக வளையம் தெரியும் 'கறிபாப் பூசிங்' இருக்கிறதே, அதற்கு இரண்டு மாவு பிசைகிறார்கள். ஒன்று தண்ணீர் மாவு, மற்றது வெறும் கொழுப்பு மாவு. ஒன்றை மற்றதற்குள் பொதிந்து, உருட்டி, பாய்போலச் சுருட்டி, மறுபடி உருட்டி, மறுபடி சுருட்டி, குறுக்கே வெட்டினால் வளையம் வளையமாக அடுக்கு நிற்கும். சீனர்களின் அடுக்கு ரொட்டிகளிலும் தியோச்சூ மூன்கேக்கிலும் இதே இரட்டை மாவு வேலைதான் நடக்கிறது. சிங்கப்பூரில் மெக்கன்சி சாலைக் காப்பிக்கடை ஒன்றில் ஒரு ஹைனானியர் 1956இல் தொடங்கியதுதான் இன்று ஊரெங்கும் கிளை பரப்பிய ஓல்ட் சாங் கீ. கோழியும் கிழங்கும் ஒரு துண்டு வேகவைத்த முட்டையும் வைத்த தடித்த கறிபாப் அவர்களுடைய அடையாளம். மசாலா தமிழனுடையது, அடுக்கு சீனனுடையது, கெலிம் போடும் கையும் காலைக் கடையும் பெரும்பாலும் மலாய்ப் பெண்ணுடையது. இவர்கள் எல்லோரும் செய்ததைத்தான் "இங்கிருந்தவர்கள் கறித்தூள் தூவினார்கள்" என்று ஒரு வரியில் சுருக்குகிறார்கள்.

தகர டப்பா சார்டினை உதிர்த்து, வெங்காயமும் மிளகாயும் போட்டு வதக்கி மடிக்கும் சார்டின் கறிபாப் இந்நாட்டில் கிழங்குக்கு அடுத்தபடி விற்பது. அந்த மீனை வீடுதோறும் கொண்டுபோன அயாம் பிராண்டைச் சிங்கப்பூரில் 1892இல் தொடங்கியவர் ஆல்பிரட் குளூவே என்ற பிரெஞ்சுக்காரர். அதற்காக யாரும் சார்டின் கறிபாப்பைப் பாரிஸ் பலகாரம் என்று சொல்வதில்லை. சொல்லாமல் இருப்பது சரி. அதே நிதானம் கார்ன்வால் விஷயத்திலும் வேண்டும்.

இந்தக் கதை தன்னால் பரவவில்லை. ஆங்கிலத்தில் எழுதப்பட்டதைச் சரித்திரமாகவும், அடுப்படியில் கைமாறியதை வெறும் பழக்கமாகவும் எண்ணும் புத்தி இதற்குப் பின்னால் இருக்கிறது. கார்ன்வாலுக்குக் கணக்கேடு இருக்கிறது, சங்கம் இருக்கிறது, ஐரோப்பியச் சட்டம் இருக்கிறது. கெடாவின் தோட்டங்களில் கறிபாப் போட்ட பெண்களுக்கு எழுதிவைத்த ஏடு இல்லை. அவர்களில் பலருக்கு எழுதப் படிக்கவும் வாய்ப்புக் கொடுக்கப்படவில்லை. தோட்டங்கள் செம்பனைக்கு மாறி, பல துண்டாக்கப்பட்டு, லயங்கள் இடிந்து, குடும்பங்கள் சுங்கை பட்டாணி, பீடோங், கூலிம் பக்கத்துத் தாமான்களுக்குக் குடிபோய்விட்டன. எழுதாமல் விட்டால் அவர்களுடைய பங்கு அவர்களோடு போய்விடும். மேடையில் மைக் பிடிப்பவருக்கு அப்போது கார்ன்வால் மட்டும்தான் மிஞ்சும்.

ஆகவே பேஸ்டிக்கு எதிராக இன்னும் நூறு மேற்கோள் தேடுவதைவிட அவசரமான வேலை ஒன்று இருக்கிறது. இந்த வட்டாரத்தில் கல்லூரிகள் இருக்கின்றன, தமிழ்ப்பள்ளிகள் இருக்கின்றன, கோயில் மண்டபங்களில் மாதர் பிரிவுகள் இருக்கின்றன. எழுபதைத் தாண்டிய அம்மாமார்களையும் மலாய்ப் பாட்டிமார்களையும் ஒலிப்பதிவுக் கருவியோடு போய்ப் பார்க்கலாம். புக்கிட் செலம்பாவில் தொடங்கலாம். கேட்க வேண்டிய கேள்விகள் எளியவை: முதன்முதலில் கறிபாப் போடக் கற்றது யாரிடம், தாயிடமா, பக்கத்து வீட்டு மலாய் மாக்சிக்கிடமா, காப்பிக்கடைச் சீனரிடமா? அப்போது மாவு எங்கே வாங்கினார்கள், எண்ணெய் எது, தேங்காயெண்ணெயா, நெய்யா? செம்பனை எண்ணெய் எப்போது வந்தது? கறித்தூளை அம்மியில் அரைத்தார்களா, கடையில் வாங்கினார்களா? ஓரத்தை எத்தனை விதமாக முறுக்கத் தெரியும், அதில் எந்த முறுக்கு யாருடையது?